ஆறு மணங்கு வெல்லம்

1918, அக்டோபர். மகனுக்கு விஷக்காய்ச்சல். வயது ஆறு. பதினொரு நாள் நினைவு தப்பியிருந்தான். பிழைத்தால், பதினாறு வயது நிறைந்ததும் எடைக்கு எடை வெல்லம் தருவதாகக் கோவில்பதாகைப் பெருமாளுக்கு வேண்டுதல்.

1928, ஆகஸ்ட் 14. பூந்தமல்லியில் நான் வேலை பார்க்கும் ஹைஸ்கூலில் மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. மகனின் உயரம் ஐந்து அடி நான்கு அங்குலம். எடை நூற்று நாற்பத்தாறு ராத்தல், அதாவது பவுண்டு. பெற்றோருக்கு ஒரு சீட்டு.

1928, அக்டோபர் 6, புரட்டாசி மூன்றாம் சனி. துலாபாரம். ஆறு மணங்கு.

1942, ஜனவரி. சிறுநீரில் சர்க்கரை. வயது இருபத்தொன்பது.

1946, நவம்பர் 9. முதுகில் ராஜபிளவைக் கட்டி கண்ட இருபதாம் நாள், பிற்பகல் மூன்று மணிக்கு மகன் காலமானான். வயது முப்பத்து நான்கு.

இவை என் நாட்குறிப்பில் உள்ளபடி. இவற்றுக்கு இடையில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் முழு உண்மையன்று. முதல் பத்தியை முடிப்பதற்குள் நான்கு முறை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்திருக்கிறேன். வாசலில் எவரும் இல்லை. யாரும் வருவதாகவும் இல்லை.

நான் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பள்ளியில் மருத்துவப் பரிசோதனை அப்போது புதிய ஏற்பாடு. சித்திர வகுப்பு நடக்கும் கூடத்தில் பெரிய எடை இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பையன்கள் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருவன் இயந்திரத்தில் ஏறும்போது பின்னால் நிற்பவன் அவனுக்குத் தெரியாமல் தானும் ஒரு காலை வைப்பான். முள் எகிறும். “இன்னாடா, வூட்டுல கருங்கல்லா துன்றே?” என்று கூடமே சிரிக்கும். நான் அதட்டுவேன். அடங்கி, மறுபடி தொடங்குவார்கள்.

பரிசோதனைக்கு வந்த மருத்துவர் சென்னையிலிருந்து வந்தவர். ஒல்லியான, நடுத்தர வயதுக்காரர். என் மகன் ஏறியபோது முள்ளை ஒரு முறை பார்த்தார், உயரத்தை அளந்தார், பிறகு அளவு நாடாவை அவன் இடுப்பைச் சுற்றி வைத்தார். மற்றப் பையன்களுக்கு அவர் அப்படிச் செய்யவில்லை.

“உங்க பையனா சார்?” என்று கேட்டார். ஆம் என்றேன். கொஞ்சம் பெருமையுடன்தான் சொன்னேன் என்று இப்போது நினைக்கிறேன். விஷக்காய்ச்சலில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த பிள்ளை அவன். அந்த உடம்பில் ஏறிய ஒவ்வொரு பிடிச் சதையும் எங்களுக்கு வரம். ஊரில் அவனைக் குண்டு என்று எவரும் சொன்னதில்லை. பூசினாற்போல இருக்கிறான் என்பார்கள்; தாட்டியான பிள்ளை என்பார்கள்.

“கொஞ்சம் அதிகம் சார். கொஞ்சம்தான். அதனாலதான் சொல்றேன்,” என்றார் மருத்துவர். “ரொம்ப அதிகமா இருந்தா நீங்களே பயந்துபோய் வைத்தியர்கிட்ட ஓடுவீங்க. கொஞ்சமா இருக்கறதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. வளர்ற வயசு, தானா வடிஞ்சுடும்பாங்க. சில பேருக்கு வடியும். வடியாதவங்களுக்கு இருபது வருஷம் கழிச்சு அது வேற பேரோட வந்து நிக்கும். இன்சூரன்ஸ் டாக்டர் ஏன் இடுப்பை அளக்கறார்னு நெனைக்கறீங்க?”

பிறகு எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், குடும்பத்தில் யாருக்காவது நீர் வியாதி, அதாவது சர்க்கரை, உண்டா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

என் தந்தை காலில் ஆறாத புண்ணோடு இரண்டு ஆண்டுகள் கிடந்து இறந்தவர். அதை எங்கள் வீட்டில் புண் என்றுதான் சொல்வோம். வியாதி என்று ஒருவரும் சொன்னதில்லை. வியாதிக் குடும்பம் என்ற பேச்சு வந்தால் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஆள் வராது. ஆகவே நான் பொய் சொல்வதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் வழங்கிய சொல்லை வைத்துப் பதில் சொன்னேன், அவ்வளவே.

என் மகன் பக்கத்தில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டான்.

சீட்டில் மருத்துவர் எழுதியது நான்கு வரி. எடை சற்று அதிகம். நெய், இனிப்புக் குறைக்கவும். தினமும் ஓட்டம் அல்லது நெடுநடை. ஆறு மாதத்தில் மீண்டும் எடை பார்க்கவும். கீழே, பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு.

அந்தச் சீட்டுகளைப் பெற்றோரிடம் அனுப்பி, கையொப்பத்துடன் திரும்ப வாங்கிச் சேர்ப்பது பள்ளியில் என் பொறுப்பு. நாற்பத்தொரு சீட்டுகள். சொத்தைப் பல், கிட்டப் பார்வை, தொண்டைச் சதை. கையொப்பம் வராத வீடுகளுக்கு நானே நடந்து போனேன். மகனுக்குக் கண்ணாடி வாங்கித் தராத ஒரு தகப்பனாரிடம், “படித்துப் பார்த்த பிறகும் சும்மா இருப்பீர்களா?” என்று கோபித்துக்கொண்டும் வந்தேன். பதிவேட்டில் நாற்பத்தொன்றும் திரும்பியதாக எழுதினேன். நாற்பதுதான் திரும்பியிருந்தன. ஒன்றை என் லாகரிதம் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். துலாபாரத்துக்கு ஏழு வாரம் இருந்தது. முடிந்ததும் கையெழுத்திடலாம் என்று எண்ணினேன்.

என் மகன் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையே எழுந்து பக்கத்து ஊரான நூம்பல் வரை ஓடிவிட்டு வந்தான். தினமும் ஓடினான். இரண்டு கரண்டி நெய்யில் ஒன்றை வேண்டாம் என்றான். அவன் அம்மாவுக்குக் காரணம் தெரியாது. “இன்னாடா, மொகமெல்லாம் எளச்சிப் போச்சி?” என்று அவள் கவலைப்பட்டாள். நான் அவளுக்குச் சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

செப்டம்பரில் என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, கோவில்பதாகையிலிருந்து வந்தார். துலாபாரத்துக்கு வெல்லம் தாய்மாமன் சீர். அவர் பூந்தமல்லியில் ஒரு வெல்ல மண்டியில் ஆறு மணங்கு சொல்லிவைத்துவிட்டார். ஆறு மணங்கு என்றால் நூற்றைம்பது ராத்தல். ஊரில் அவருக்குப் போட்டியான குடும்பம் முந்தின ஆண்டு தங்கள் பிள்ளைக்கு ஐந்தரை மணங்கு கொடுத்திருந்தது. ஆகவே ஆறு.

ஒத்திகை பார்ப்பதற்காக மகனை மண்டிக்கு அழைத்துப் போனோம். மூட்டை நிறுக்கும் தராசில் அவனை உட்கார வைத்தார்கள். ஓட்டத்தால் எடை குறைந்திருந்தது. நூற்று நாற்பத்திரண்டு.

“இன்னா மாமா இது, எட்டு ராத்தல் கொறையுது!” என்று மைத்துனர் தலையில் கையை வைத்துக்கொண்டார். “ஊரு பூரா ஆறு மணங்குன்னு சொல்லிக்கினு கீறேன். பையன இன்னா பட்டினி போட்டு வச்சிகீறீங்களா?”

மண்டிக்காரர் முஸ்லிம் பெரியவர், எங்களுக்குப் பழக்கமானவர். “கொறையற எட்டு ராத்தலுக்கு நீ ஒரு கால வை மாமே. சாமி கண்டுக்காது,” என்றார்.

“பாய், நீ சும்மா இரு. எதிர்ப் பங்காளி கண்டுக்குவான்.”

எல்லோரும் சிரித்தோம். மகனும் சிரித்தான். பிறகு மைத்துனர் அவன் தோளைத் தட்டி, “மாப்ளே, ஒரு மாசம். நல்லா துன்னு. தட்டு தரையில இடிக்கணும்,” என்றார்.

எடைக்கு எடை என்பதுதான் எங்கள் வேண்டுதல். எந்த எடை என்று பெருமாளிடம் நாங்கள் சொல்லவில்லை. நூற்று நாற்பத்திரண்டு ராத்தல் பையனுக்கு நூற்று நாற்பத்திரண்டு ராத்தல் வெல்லம் போதும். கணக்குப் படிக்கும் எந்த மாணவனும் இதைச் சொல்லியிருப்பான். கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நான் சொல்லவில்லை. அன்று வீடு திரும்பியதும் மகனிடம், துலாபாரம் முடியும்வரை ஓட வேண்டாம் என்றேன்.

“நைனா, டாக்டர் சொன்னாரே?”

“துலாபாரம் முடியட்டும்.”

அவன் தலையசைத்தான். எதிர்த்துப் பேசும் பழக்கம் அவனுக்கு இல்லை. அது அவனுடைய நல்ல குணம் என்று அப்போது எண்ணியிருந்தேன்.

அடுத்த நான்கு வாரம் உளுந்தங்களியும் நெய்யும் பாலும். என் மனைவி அவன் எதிரில் உட்கார்ந்து ஊட்டாத குறை. அவள் மேல் எந்தப் பிழையும் இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் நான். பக்கத்தில் அமர்ந்து, “இன்னொரு கரண்டி போடு” என்று சொன்னவனும் நானே.

புரட்டாசிச் சனிக்கிழமை, கோயில் மண்டபத்தில், மாலை போட்டு அவனைத் தட்டில் உட்கார வைத்தார்கள். எதிர்த் தட்டில் வெல்லம். கடைசி உருண்டைகளை மைத்துனர் கணக்காகத் தூக்கி வைக்கும்வரை அவன் தட்டு தரையிலேயே கிடந்தது. ஊரார் ஆரவாரித்தார்கள். மைத்துனரின் முகத்தில் அன்று இருந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். வெல்லத்தை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். என் மகனும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டான். வாயில் போடுவதற்கு முன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். சாப்பிடு என்பதுபோல நான் தலையசைத்தேன்.

முடிந்ததா என்றால், முடிந்தது. ஆனால் அந்த ஆண்டு இறுதிப் பரீட்சை வந்தது. பரீட்சை முடியட்டும் என்றேன். சென்னையில் கல்லூரி விடுதிச் சாப்பாடு; படிப்பு முடியட்டும். பிறகு வேலை. பிறகு, வேப்பம்பட்டிலிருந்து பெண் வீட்டார் வந்து, மாப்பிள்ளை லட்சணமாக இருக்கிறார் என்று மகிழ்ந்தார்கள்; கல்யாணம் முடியட்டும். அவன் ஒருபோதும் பருமனான மனிதன் ஆகவில்லை. எப்போதும் கொஞ்சம்தான். ஆண்டுக்கு ஒரு ராத்தல், இரண்டு ராத்தல். பயப்படும்படியாக எந்த ஆண்டும் எதுவும் நடக்கவில்லை. சீட்டு லாகரிதம் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. அது எங்கே இருக்கிறது என்பதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

1942இல் அவனுக்குத் தாகமும் களைப்பும் வந்தன. சென்னைக்கு அழைத்துப் போனேன். அங்கே பார்த்த மருத்துவர் சர்க்கரை என்றார், ரத்தக் கொதிப்பும் இருக்கிறது என்றார். ஒல்லியானவர்களுக்கும் இது வரும், குடும்ப வழியாகவும் வரும், இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது என்றும் சொன்னார். நேர்மையான மனிதர். பிறகு என் மகனைப் பார்த்து, “சின்ன வயசுல உடம்பு எப்படி? பள்ளிக்கூடத்துல யாராவது எதாவது சொன்னாங்களா?” என்று கேட்டார்.

என் மகன் என் பக்கம் திரும்பினான். அரை விநாடி இருக்கும்.

“சாதாரணமாத்தான் இருந்தேன் சார். யாரும் ஒண்ணும் சொல்லல.”

நான் சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. என் தந்தையின் புண்ணைப் பற்றியும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் என் மருமகள் அவனுக்கு அளந்து சமைத்தாள். மருத்துவர் எழுதிக் கொடுத்த பட்டியல்படி ஒவ்வொரு வேளையும் அரிசி இத்தனை அவுன்ஸ், பருப்பு இத்தனை அவுன்ஸ். அதற்காகத் தன் தகப்பனார் வீட்டிலிருந்து சின்னப் பித்தளைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துக்கொண்டாள். நோயால் அவன் இளைத்தான். யுத்த காலத்தில் இன்சுலின் ஊசி ஒழுங்காகக் கிடைக்கவில்லை, மேலும் இளைத்தான். என் மனைவியின் கண்ணுக்கு, தான் வளர்த்துக் கொடுத்த தாட்டியான பிள்ளையும் அந்தப் பித்தளைத் தராசும் மட்டுமே தெரிந்தன.

மகன் போன ஒரு மாதத்தில், மாசிகத்துக்கு வந்த பெண்கள் நடுவே என் மனைவி சொன்னாள்: “ஆறு மணங்கு நிறுத்துக் குடுத்த புள்ள. அளந்து அளந்து போட்டே சாவடிச்சிட்டா. புருசனுக்குச் சோத்த நிறுத்துப் போட்டவளை எந்த ஊருலயாவது கண்டுகீறீங்களா?”

வந்தவர்களில் ஒருத்தி, “பாவம், அவ இன்னா பண்ணுவா, டாக்டரு சொன்னாரு,” என்றாள்.

“டாக்டரு சொல்லுவாரு. வயித்துப் பசி டாக்டருக்கா தெரியும்?”

மருமகள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. பாத்திரம் கழுவும் ஓசை ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. மறுநாள் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதினாள். அடுத்த வாரம் வந்து அழைத்துப் போவதாகப் பதில் வந்தது.

அந்த ஒரு வாரமும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் நெடுஞ்சாலையில் நடந்தேன். ஆவடி முகாமுக்குப் போகும் ராணுவ லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு கடந்தன. நூம்பல் வரை போவேன். இங்கேதானே அவன் திரும்பியிருப்பான் என்று ஒரு மரத்தையோ கல்லையோ தேடுவேன். திரும்பி வருவேன். வந்து, பேசுவதற்காக மனைவியின் எதிரில் நிற்பேன். “இன்னா வேணும்?” என்பாள். தண்ணீர் என்பேன். ஒரு நாளில் ஐந்து முறை தண்ணீர் குடித்தேன். மருமகள் போய்விட்டால், அந்தப் பழியும் அவளோடு ஏறிப் போய் வேப்பம்பட்டில் இறங்கும். அங்கே அவள் காலமெல்லாம் புருஷனைப் பட்டினி போட்டவளாகவே இருப்பாள். இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் ஆறு நாள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் நண்பகல். ஆவடி ரயில் நிலையத்துக்குப் போக ஜட்கா சொல்லியாகிவிட்டது. மருமகளின் பெட்டி கூடத்தில் இருந்தது. அவள் அண்ணன் வாசலில் ஜட்காவை எதிர்பார்த்து நின்றார். நான் லாகரிதம் புத்தகத்தை எடுத்து, அதிலிருந்த சீட்டைக் கொண்டுபோய் மனைவியின் முன்னால் நின்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்கு வரியையும் படித்தேன். தேதியையும் படித்தேன். மருமகள் இந்த வீட்டுக்கு வருவதற்கு ஆறு ஆண்டு முன்னால் எழுதியது என்றேன். அவன் ஏன் ஓடினான், யார் நிறுத்தினார்கள் என்பதையும் சொன்னேன். என் தந்தையின் புண் எதனால் ஆறவில்லை என்பதையும் சொன்னேன். வகுப்பில் பாடம் சொல்லும் குரலிலேயே சொன்னதாக ஞாபகம். வேறு குரலில் என்னால் சொல்லியிருக்க முடியாது.

என் மனைவி சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே,” என்றாள். “நெய்ய நான்தானே ஊத்தனேன். என் கைய நீங்க புடிச்சிருக்கலாமே.”

மருமகளின் பக்கம் திரும்பி, இது உனக்குத் தெரிய வேண்டும், அம்மா, என்றேன்.

“தெரியும் மாமா,” என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பார்த்தாள். “கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாரு. டாக்டர் சொன்னது, நூம்பல் வரைக்கும் ஓடுனது, எல்லாம். நைனாவா எடுத்துச் சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்காதேன்னாரு. நீங்க எப்பவாச்சும் சொல்லுவீங்கன்னு சாவற வரைக்கும் நெனச்சிக்கினுதான் இருந்தாரு.”

ஜட்கா வந்து நின்றது. அவள் தன் அத்தையின் காலைத் தொட்டாள், என் காலையும் தொட்டாள். “கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வரேன்,” என்றாள். வருவாளா என்பது எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. வண்டி திரும்பும்வரை என் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய், பித்தளைத் தராசை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினாள். “அவ பொருளு. குடுத்துட்டு வாங்க. நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு போவேன்?” என்றாள். அன்று முதல், தராசைக் கொடுத்துவிட்டு வரச் சொல்வதைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் அதிகம் இல்லை.

சீட்டில் சொன்னபடி செய்திருந்தால் என் மகன் இன்று இருப்பான் என்று நான் சொல்லவில்லை. சென்னை மருத்துவரே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒருவன் அறிந்த செய்தியைப் புத்தகத்துக்குள் மூடி வைத்தாலும், அதன் எடையை வீட்டில் வேறு யாரோ சுமந்துகொண்டுதான் இருப்பார்கள் என்பதைப் பதினெட்டு ஆண்டுகள் அதைச் சுமந்தவன் போன பிறகே நான் அறிந்தேன்.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

வேப்பம்பட்டுக்குப் போய்த் தராசைக் கொடுக்க வேண்டும். மாசிகத்தன்று வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்ல வேண்டும்.

மைத்துனரின் பேரனுக்கு வருகிற புரட்டாசியில் துலாபாரம். அவனும் பூசினாற்போல இருக்கிறான். கோவில்பதாகைக்குப் போக வேண்டும்.

என் தந்தைக்கு இருந்தது என்ன வியாதி என்று தம்பிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எழுத வேண்டும்.

பள்ளிக்கு வந்த மருத்துவர் உயிருடன் இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும்.

சீட்டில் கையெழுத்திட வேண்டும்.